சுவரில் ஒரு துளை

மண்டபத்துச் சாவி வர இரண்டு மணி நேரமாகும் என்றார்கள்.
பாலக்கோட்டு வெயில் பதினொன்றுக்கே
கூடைத் தக்காளியை வேகவைத்துக்கொண்டிருந்தது.
கேஸ் சிலிண்டர் கட்டிய வண்டியைப்
புளிய மரத்தடியில் நிறுத்திவிட்டு
நானும் மாதேஷும் துரை பங்களா பார்க்கப் போனோம்.

ஆளுக்குப் பத்து ரூபாய். கேமராவுக்கு இருபத்தைந்து.
‘போன்ல எடுத்தா?’
‘எடுத்துக்கோ, நான் பாக்கல’ என்றாள்
சீட்டுக் கிழிக்கும் லகுமம்மா.

துரையின் பெயர் பலகையில் ஒரு மாதிரி,
சீட்டில் ஒரு மாதிரி,
அவள் வாயில் வெறும் பிச்சாட்டுத் துரை.
கட்டிலைச் சுற்றிக் கயிறு,
குளியல் தொட்டியைச் சுற்றிக் கயிறு,
மான் கொம்பில் யாரோ மாட்டிவிட்ட முகக்கவசம்.
மாதேஷ் தொடாதே பலகைகளை
ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு வந்தான்.

எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் எனக்குக் கணக்குத்தான் ஓடும்.
பத்துக்குப் பதினாறு என்றால் ஒன்றரை டன்.
மேற்குச் சுவர் என்றால் இரண்டு.
இந்தக் கூடத்துக்கு நாலு டன்னும் போதாது,
பறக்கிற குளிரெல்லாம் ஓட்டுக்குத்தான் போகும்
என்று அண்ணாந்தேன்.

உத்தரத்தில் தொங்கியது ஒரு நீளப் பலகை,
கரைந்துபோன துணிக் குஞ்சத்தோடு.
கீழே எழுதியிருந்தது:
பங்கா. கையால் இயக்கப்படும் விசிறி.
எவர் கை என்று எழுத
பலகையில் இடம் இருந்தது.

கயிறு போய்விட்டது. துளை இருக்கிறது.
கதவுக்கு மேலே, என் ட்ரில் போடும் அதே அளவு,
இரண்டரை அங்குலம்.
வெளிப்பக்கம் கொஞ்சம் தாழ்ந்துகூட இருந்தது.
தண்ணீர் உள்ளே வராதிருக்க நாங்களும் அப்படித்தான் சரிப்போம்.
ஸ்டூல் மேல் ஏறி விரல் விட்டேன்.
இதை யாரும் சரிக்கவில்லை.
தேய்ந்திருக்கிறது.

வெளியே சுற்றிக்கொண்டு போனேன்.
பின்கட்டு, மேற்குப் பார்த்த சுவர்,
கறிவேப்பிலைச் செடி, உடைந்த ஓடுகள், எறும்பு.
என்னைக் கேட்டிருந்தால்
அவுட்டோர் யூனிட்டை நானும் இங்கேதான் மாட்டியிருப்பேன்.
கண்ணில் படாது. சத்தம் கேட்காது.
ஐ.டி.ஐ. வாத்தியார் முதல் நாளே சொன்னார்,
சூட்டை எவனும் அழிக்க முடியாதுடா,
இங்கிருந்து எடுத்து அங்கே தள்ளுகிறோம், அவ்வளவுதான்.
அந்த அங்கேயில் நின்றேன்.
உள்ளங்கால் சுட்டது, செருப்பைத் தாண்டி.

மாதேஷ் சுவரில் முதுகு சாய்த்து உட்கார்ந்து,
கட்டை விரலில் இல்லாத கயிற்றை மாட்டி
இழு இழு என்று இழுத்தான்.
‘அண்ணா, ஒரு போட்டோ.’
எடுத்தேன்.
எடுத்த பிறகும் கால் கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டிருந்தது.

பூங்காவில் நீரூற்று ஓடவில்லை.
தொட்டியில் சோடா பாட்டில், வாயைத் திறந்த முயல் குப்பைத்தொட்டி,
மூங்கில் மறைவில் பேசாமல் ஒரு ஜோடி.
இரும்புச் சறுக்கு கொதிக்கிறது என்று அழுத பிள்ளைக்காக
ஒரு தாய் தன் குடிதண்ணீர் முழுவதையும் மேலிருந்து ஊற்றினாள்.
சட்டென்று ஆவி.
அது அடங்குவதற்குள் பிள்ளை சறுக்கி இறங்கி
மறுபடி என்றது.
பாட்டிலைக் கவிழ்த்துக் காட்டினாள்.

சாவி வந்துவிட்டது என்று போன்.

மண்டபத்தில் மணமகள் அறை.
வெளி யூனிட் எங்கே வேண்டும் என்று கேட்டேன்.
‘எங்கேயோ வையுங்க, முகப்புல தெரியாம இருந்தா சரி’ என்றார்
கோவிந்தப்பன், விசிட்டிங் கார்டால் விசிறிக்கொண்டு.
மாதேஷ் ஏணியோடு பின்பக்கம் போனான்.
ட்ரில்லை வைத்து அழுத்தினேன்.
செங்கல் மாவு மூக்கில், கண்ணில்.
மறுபக்கம் உடைகிற சத்தம் கேட்டதும் நிறுத்தினேன்.

துளைக்குள் முதலில் வெயில் வந்தது.
பிறகு இருட்டு.
பிறகு ஒரு விரல்,
சிவப்புத் தூசியோடு,
வளைந்து வளைந்து என்னைக் கூப்பிட்டது.